டிவியை அணைத்தும் சூடாகவே இருக்கிறதே! செட் டாப் பாக்ஸ் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது?

இன்றிரவு ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். டிவியை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, பக்கத்தில் இருக்கும் செட் டாப் பாக்ஸின் மேல் கை வையுங்கள்.

வெதுவெதுப்பாக இருக்கிறதா? அப்படியென்றால் அது தூங்கவில்லை. நீங்கள் தூங்கும்போதும் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கிறது.

"ரிமோட்டில் ஆஃப் பண்ணிட்டேனே, சிவப்பு விளக்குகூட வந்துடுச்சே!" என்கிறீர்களா? அந்தச் சிவப்பு விளக்கை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறோம். விளக்கின் நிறம் மாறியது உண்மை. உள்ளே வேலை நின்றதா என்பது வேறு கேள்வி.

இந்தப் பெட்டிகளுக்கு இத்தனை வாட்தான், இன்னின்ன வசதிதான் என்று சில நாடுகள் வரம்பு வைத்திருக்கின்றன. அந்த வரம்புகள் ஏன் வந்தன, எப்படி வேலை செய்கின்றன, உங்கள் வீட்டுக்கு அதனால் என்ன என்பதைப் பார்ப்போம்.

பெட்டிக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

செட் டாப் பாக்ஸ் என்பது, சுருக்கமாகச் சொன்னால், ஒரு சிறிய கணினி.

ஆன்டெனா, கம்பிவடம், துணைக்கோள் அல்லது இணையம் வழியாக வரும் சமிக்ஞையை முதலில் 'டியூனர்' பிடிக்கிறது. சுருக்கி அனுப்பப்பட்ட படத்தையும் ஒலியையும் ஒரு சில்லு விரிக்கிறது. கட்டணத் தொலைக்காட்சி என்றால், நீங்கள் சந்தா கட்டியவர்தானா என்று சரிபார்த்துப் பூட்டைத் திறக்கும் வேலையும் உண்டு. பிறகுதான் படம் திரைக்குப் போகிறது.

நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் பெட்டி என்றால் கூடவே ஒரு ஹார்ட் டிஸ்க் சுழலும். ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவுசெய்ய வேண்டுமா? இரண்டாவது டியூனர் வேண்டும். அறைக்கு அறை படம் போக வேண்டுமா? நெட்வொர்க் சில்லும் வேண்டும்.

ஒவ்வொரு வசதிக்கும் சில வாட் கூடும். இது நியாயமானதுதான். நீங்கள் எதையும் பார்க்காத நேரத்திலும் அதே வாட் செலவாவதுதான் சிக்கல்.

அணைத்த பிறகும் ஏன் வேலை செய்கிறது?

பழைய பெட்டிகள் பலவற்றில் ரிமோட்டின் ஆஃப் பொத்தான் செய்த காரியம் இரண்டே இரண்டுதான். திரைக்குப் போகும் படத்தை நிறுத்தும். முன்பக்க விளக்கை மாற்றும். டியூனர், சில்லு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படி வடிவமைத்ததற்குக் காரணங்களும் இருந்தன.

நிகழ்ச்சிப் பட்டியல் அவ்வப்போது இறங்க வேண்டும். மென்பொருள் புதுப்பிப்பு நள்ளிரவில் வரும். சந்தாவைச் சரிபார்க்கும் சாவிகள் மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் குறித்துவைத்த தொடர் அதிகாலை 3 மணிக்கு வந்தால் பதிவுசெய்ய வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய காரணம் நம் பொறுமை. முழுதாக அணைந்த பெட்டி மீண்டும் எழுந்து படம் காட்டச் சில நிமிடங்கள் ஆகலாம். "என்னப்பா, இன்னும் வரலையா?" என்று வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைப்பதைச் சேவை நிறுவனங்கள் விரும்புவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். கட்டணத் தொலைக்காட்சிப் பெட்டியைப் பெரும்பாலும் நாம் கடையில் தேடி வாங்குவதில்லை. சேவை நிறுவனம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது. பெட்டியின் விலையைக் குறைப்பதில் நிறுவனத்துக்கு லாபம். அது இழுக்கும் மின்சாரத்துக்குப் பணம் கட்டுவதோ நீங்கள்.

முடிவெடுப்பவர் ஒருவர், கட்டணம் செலுத்துபவர் இன்னொருவர். எரிசக்தித் துறையில் இது நன்கு தெரிந்த சிக்கல். சந்தை தானாகச் சரிசெய்துகொள்ளும் என்று விட்டால் சரியாகாத இடம் இது. அதனால்தான் விதிகள் தேவைப்பட்டன.

கட்டணத்தில் எவ்வளவு தெரியும்?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிலோவாட்-மணிக்கு 30 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 4 மணி நேரம் டிவி பார்க்கிறீர்கள்.

முதல் பெட்டி: பழைய பதிவுப் பெட்டி. பார்க்கும்போது 20 வாட், அணைத்த பிறகு 18 வாட். ஒரு நாளைக்கு 440 வாட்-மணி. ஓர் ஆண்டுக்குச் சுமார் 160 கிலோவாட்-மணி. கட்டணம் ஏறக்குறைய 48 வெள்ளி.

இரண்டாவது பெட்டி: பார்க்கும்போது 8 வாட், அணைத்த பிறகு அரை வாட். ஒரு நாளைக்கு 42 வாட்-மணி. ஓர் ஆண்டுக்குச் சுமார் 15 கிலோவாட்-மணி. கட்டணம் 5 வெள்ளிகூட இல்லை.

முதல் பெட்டியின் மின்சாரத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல், யாருமே டிவி பார்க்காத 20 மணி நேரத்தில் போகிறது. வரவேற்பறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என இரண்டு பெட்டி இருந்தால் ஆண்டுக்கு 96 வெள்ளி.

இவை நாம் எடுத்துக்கொண்ட உதாரண எண்கள். உங்கள் பெட்டி கூடவும் இழுக்கலாம், குறையவும் இழுக்கலாம். ஆனால் ஒரு சுலபமான வாய்ப்பாடு நினைவில் இருக்கட்டும். ஆண்டு முழுக்க இடைவிடாமல் ஓடும் ஒவ்வொரு வாட்டுக்கும் செலவு சுமார் 2 வெள்ளி 60 காசு.

ஒரு வீட்டுக்கு இது சின்னத் தொகையாகத் தோன்றலாம். ஒரு நாடு முழுதும் கூட்டிப் பார்த்தால்?

27 பில்லியன் கிலோவாட்-மணி

அந்தக் கூட்டலை அமெரிக்காவில் போட்டுப் பார்த்தார்கள். இயற்கை வளப் பாதுகாப்பு மன்றம் என்ற அமைப்பு 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டு வீடுகளில் அப்போது சுமார் 160 மில்லியன் பெட்டிகள் இருந்தன. 2010ஆம் ஆண்டில் அவை பயன்படுத்திய மின்சாரம் ஏறக்குறைய 27 பில்லியன் கிலோவாட்-மணி. அதற்கு மக்கள் கட்டியது சுமார் 3 பில்லியன் அமெரிக்க டாலர்.

அதில் மூன்றில் இரண்டு பங்கு, யாரும் பார்க்காத, பதிவும் செய்யாத நேரத்தில் செலவானது.

பலரை நிமிர்ந்து உட்கார வைத்த ஒப்பீடு வேறு. பதிவு வசதியுள்ள உயர்தெளிவுப் பெட்டி ஒன்று, சாதாரண உயர்தெளிவுப் பெட்டி ஒன்று. இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 446 கிலோவாட்-மணி எடுத்தன. மின்சாரத்தைச் சேமிக்கும் புதிய குளிர்பதனப் பெட்டியைவிட அது அதிகம்! குளிர்பதனப் பெட்டியாவது சாப்பாட்டைக் கெடாமல் வைக்கிறது. இவை நள்ளிரவில் சும்மா சூடாகிக்கொண்டிருந்தன.

காத்திருப்பு நிலை மின்சாரம் பற்றிய கவலை அதற்கும் முந்தியது. எந்தச் சாதனமும் காத்திருக்கும்போது 1 வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற யோசனையை அனைத்துலக எரிசக்தி அமைப்பு 1999இலேயே முன்வைத்தது. 2001இல் அமெரிக்க அரசாங்க அலுவலகங்கள் இயன்றவரை அத்தகைய சாதனங்களையே வாங்க வேண்டும் என்று அப்போதைய அதிபர் ஜார்ஜ் டபிள்யூ புஷ் உத்தரவிட்டார்.

ஐரோப்பா போட்ட கணக்கு: வசதிக்கு இத்தனை வாட்

எல்லாப் பெட்டிக்கும் ஒரே வரம்பு வைத்தால் என்ன ஆகும்? எளிய பெட்டி சுலபமாகத் தேறிவிடும். பதிவு வசதியுள்ள பெட்டி தேறவே தேறாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2009 பிப்ரவரியில் கொண்டுவந்த விதி இதற்கு ஒரு வழி கண்டது. இலவச ஒளிபரப்பைப் பிடிக்கும், சந்தாப் பூட்டு இல்லாத 'எளிய' பெட்டிகளுக்கான விதி அது. அடிப்படையாக ஓர் அளவு. அதற்கு மேல் வசதிக்கு ஏற்பக் கூடுதல் சலுகை.

2012 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த இரண்டாம் கட்ட வரம்புகளைப் பாருங்கள்:

• காத்திருப்பு நிலை: 0.5 வாட்
• நேரம் முதலியவற்றைக் காட்டும் முகப்புத் திரை இருந்தால், காத்திருப்பில் கூடுதலாக 0.5 வாட்
• இயங்கும்போது: 5 வாட்
• ஹார்ட் டிஸ்க் இருந்தால் கூடுதலாக 6 வாட்
• இரண்டாவது டியூனர் இருந்தால் கூடுதலாக 1 வாட்
• உயர்தெளிவுப் படத்தை விரித்தால் கூடுதலாக 1 வாட்

எல்லா வசதியும் உள்ள பெட்டி என்றால், இயங்கும்போது 13 வாட் வரை போகலாம். ஆனால் கவனித்தீர்களா? ஹார்ட் டிஸ்க், டியூனர், உயர்தெளிவு மூன்றுக்கும் கிடைக்கும் சலுகை இயங்கும் நேரத்துக்கு மட்டுமே. தூங்கும்போது எவ்வளவு வசதியுள்ள பெட்டியும் எளிய பெட்டியைப்போல்தான் இருக்க வேண்டும்.

விதியில் இன்னோர் அம்சமும் இருந்தது. கடைசியாக ரிமோட்டை அழுத்தியோ ஒளிவழியை மாற்றியோ 3 மணி நேரம் ஆவதற்குள் பெட்டி தானாகவே காத்திருப்பு நிலைக்குப் போக வேண்டும். போவதற்கு 2 நிமிடம் முன்பு திரையில் எச்சரிக்கை வர வேண்டும். டிவி முன்னாலேயே தூங்கிவிடுபவர்களை மனத்தில் வைத்து எழுதியதுபோல் இருக்கிறது, இல்லையா?

அந்த 2009 விதி இப்போது இல்லை. பல்வேறு சாதனங்களின் காத்திருப்பு நிலைக்கான புதிய பொது விதி 2025 மே மாதம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அமெரிக்கா போட்ட கணக்கு: இந்த வசதி இருக்கவே கூடாது

மின்சாரத்துக்கு வரம்பு வைப்பது புரிகிறது. வசதிக்கு ஏன் வரம்பு?

2009 ஜூன் 12ஆம் தேதி, அமெரிக்காவின் முழு ஆற்றல் தொலைக்காட்சி நிலையங்கள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தி, மின்னிலக்கத்துக்கு மாறின. ஆன்டெனாவை மட்டும் நம்பி, பழைய டிவி வைத்திருந்தவர்களுக்கு ஒரு மாற்றுப் பெட்டி தேவைப்பட்டது. முதியோர், வசதி குறைந்தோர், கிராமப்புறத்தினர் எனப் பலர் அந்த நிலையில் இருந்தனர்.

அரசாங்கம் ஒரு வீட்டுக்கு 40 டாலர் மதிப்புள்ள 2 பற்றுச்சீட்டுகள் வரை கொடுத்தது. ஆனால் எந்தப் பெட்டிக்கும் அதைப் பயன்படுத்திவிட முடியாது. திட்டத்தை நடத்திய தேசியத் தொலைத்தொடர்பு, தகவல் நிர்வாகம் ஒரு பட்டியல் போட்டது.

கட்டாயம் இருக்க வேண்டியவை: பழைய டிவியில் செருகும் இணைப்புகள், ரிமோட், செவித்திறன் குறைந்தோருக்கான வசனவரிகள், பிள்ளைகள் பார்க்கக்கூடாத நிகழ்ச்சிகளைத் தடுக்கும் வசதி, அவசரகால அறிவிப்பு, சமிக்ஞையின் தரத்தைக் காட்டும் வசதி.

மின்சாரம்: தூக்க நிலையில் 2 வாட்டுக்கு மேல் கூடாது. 4 மணி நேரம் யாரும் எதையும் அழுத்தாவிட்டால் தானாகத் தூங்கப் போக வேண்டும்.

இருக்கவே கூடாதவை: எச்.டி.எம்.ஐ. இணைப்பு, கணினித் திரைக்கான இணைப்பு, நெட்வொர்க் இணைப்பு, நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் வசதி.

ஏன் இந்தக் கண்டிப்பு? பொதுப் பணம், பழைய டிவியை உயிரோடு வைத்திருக்க மட்டுமே. புது டிவி வாங்கியவர் அரசாங்கச் செலவில் நல்ல பதிவுப் பெட்டியும் வாங்கிக்கொள்ளக் கூடாது. எச்.டி.எம்.ஐ. இணைப்பே இல்லாத பெட்டியைப் புது டிவிக்காரர் தேடி வரமாட்டார். விண்ணப்பதாரரின் வருமானத்தைத் துருவாமல், பெட்டியின் வசதியை வைத்தே யாருக்கு உதவி போக வேண்டும் என்று வடிகட்டிவிட்டார்கள்.

ஆனாலும் பட்டியலில் ஓர் ஓட்டை இருந்தது. சிறிய, குறைந்த ஆற்றல் நிலையங்கள் அந்தத் தேதியில் மாற வேண்டியதில்லை. அவை அனலாக்கிலேயே தொடர்ந்தன. ஆனால் பெட்டியை மாட்டியதும், பல மாடல்களில் பழைய அனலாக் சமிக்ஞை டிவிக்குப் போவதே தடைபட்டது. அதைக் கடந்துபோக விடும் வசதி அனுமதிக்கப்பட்டிருந்தாலும், கட்டாயமாக்கப்படவில்லை. உள்ளூர் சமூகங்களுக்காக ஒளிபரப்பிய சின்ன நிலையங்கள் இதை எதிர்த்துக் குரல் எழுப்பின.

பணமும் இடையில் தட்டுப்பட்டது. 2009 ஜனவரியில் ஒதுக்கீட்டின் உச்ச வரம்பு எட்டப்பட்டு, விண்ணப்பதாரர்கள் காத்திருப்புப் பட்டியலில் போடப்பட்டனர். பற்றுச்சீட்டுகள் 90 நாளில் காலாவதியாகும் என்ற விதியும் பலரைச் சிரமப்படுத்தியது. பிப்ரவரி 17 என்று இருந்த மாற்றத் தேதியை ஜூன் 12க்குத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

ஒரு பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதும் ஒவ்வொரு வரியும், யாரோ ஒருவர் வீட்டில் செய்தி தெரியுமா தெரியாதா என்பதைத் தீர்மானிக்கிறது.

கட்டணத் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு மட்டும் ஏன் தனி வழி?

சந்தாப் பூட்டு உள்ள பெட்டிகள் 'சிக்கலானவை' என்ற வகையில் வருகின்றன. இவற்றின் தொழில்நுட்பம் வேகமாக மாறுகிறது, சட்டம் எழுதி முடிப்பதற்குள் பெட்டியே மாறிவிடும் என்பது துறையினரின் வாதம்.

அதனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவற்றுக்குத் தன்னார்வ உடன்பாடே வந்தது. அமெரிக்கக் கட்டணத் தொலைக்காட்சி நிறுவனங்கள் 2012 டிசம்பரில் அத்தகைய உடன்பாட்டை அறிவித்தன. எரிசக்தி அமைச்சு அப்போது கட்டாய விதி கொண்டுவரும் முயற்சியில் இருந்தது. ஓராண்டு கழித்து, 2013 டிசம்பரில் அமைச்சும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் சேர்ந்து உடன்பாட்டைக் கடுமையாக்கின. கட்டாய விதி கைவிடப்பட்டது.

பலன் இருந்ததா? இருந்தது. ஹார்ட் டிஸ்க் சும்மா சுழல்வதை நிறுத்தும் 'இலேசான தூக்கம்' வந்தது. அறைக்கு ஒரு பெரிய பெட்டி என்பது போய், வீட்டுக்கு ஒரு முக்கியப் பெட்டி, மற்ற அறைகளுக்குச் சின்னப் பெட்டி என்ற அமைப்பு வந்தது.

ஆனால் இதில் ஒரு பாடம் உண்டு. கட்டாயச் சட்டம் வரும் என்ற அச்சம் இருந்ததால்தான் தன்னார்வ உடன்பாடு விரைவாகவும் வலுவாகவும் அமைந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தன்னார்வம் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். நிகழ்வுகளின் வரிசையைப் பார்த்து நீங்களே முடிவுசெய்யலாம்.

சிங்கப்பூரில் நிலைமை என்ன?

இங்கு அனலாக் ஒளிபரப்பு 2019இன் தொடக்கத்துடன் முடிவுக்கு வந்தது. மலேசியாவில் அதே ஆண்டு அக்டோபரில் முடிந்தது. இரு நாடுகளும் பயன்படுத்துவது டி.வி.பி.-டி2 என்ற மின்னிலக்கத் தரம்.

மாற்றத்துக்கு முன்பு, கட்டணத் தொலைக்காட்சிச் சந்தா இல்லாத வீவக வீடுகளுக்குத் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் இலவச மின்னிலக்கத் தொடக்கத் தொகுப்பை வழங்கியது. உங்கள் தாத்தா பாட்டி வீட்டு டிவிக்குக் கீழே இருக்கும் பெட்டி அப்போது வந்ததாக இருக்கலாம்.

எரிசக்தி முத்திரை? டிவிக்கு உண்டு. தேசியச் சுற்றுப்புற அமைப்பின் முத்திரைத் திட்டம் 2014 முதல் தொலைக்காட்சிகளுக்குக் கட்டாயம். கடையில் குறிகளை எண்ணிப் பார்த்து வாங்குகிறோம். ஆனால் அதனுடன் இணைக்கும் பெட்டிக்கு அந்த முத்திரை கிடையாது. டிவி எத்தனை குறி வாங்கியிருந்தாலும், பக்கத்தில் இருக்கும் பெட்டி எவ்வளவு இழுக்கிறது என்று அந்த முத்திரை சொல்லாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

1. முதலில், பெட்டி தேவையா என்று பாருங்கள். டி.வி.பி.-டி2 டியூனர் உள்ளே பொருத்தப்பட்ட டிவி என்றால், இலவச ஒளிவழிகளுக்கு ஆன்டெனா மட்டும் போதும். பழக்கத்தில் மாட்டி வைத்த பெட்டியைக் கழற்றிவிடலாம்.

2. அளந்து பாருங்கள். சுவர்ச் சுவிட்ச்சுக்கும் பெட்டிக்கும் இடையில் செருகும் சிறிய மின் அளவி கடைகளில் கிடைக்கிறது. பார்க்கும்போது எத்தனை வாட், ரிமோட்டில் அணைத்த பிறகு எத்தனை வாட் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், உங்கள் பெட்டி தூங்குவதே இல்லை.

3. அமைப்புப் பக்கத்தைத் திறங்கள். 'தானியங்கிக் காத்திருப்பு', 'எரிசக்திச் சேமிப்பு' போன்ற தெரிவுகள் இருந்தால் இயக்குங்கள். 'விரைவுத் தொடக்கம்' இருந்தால் அணையுங்கள். காலையில் படம் வரச் சற்றுத் தாமதமாகலாம். அதுவரை காப்பி கலக்கலாம்.

4. சுவர்ச் சுவிட்ச்சைப் பயன்படுத்துங்கள், ஆனால் யோசித்து. நம் வீடுகளில் பெரும்பாலான மின்செருகிகளுக்குச் சுவிட்ச் உண்டு. பதிவு செய்யாத எளிய பெட்டியை இரவில் தாராளமாக அணைக்கலாம். பதிவுப் பெட்டி என்றால் குறித்துவைத்த நிகழ்ச்சி போய்விடும். மென்பொருள் புதுப்பிப்பு நடக்கும்போது அணைக்கவும் கூடாது. முதலில் ரிமோட்டில் அணைத்து, சற்று நேரம் கழித்துச் சுவிட்ச்சைத் தட்டுங்கள். வெளியூர் போகும்போது மறக்காதீர்கள்.

5. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது கேளுங்கள். "இந்தப் பெட்டி காத்திருப்பு நிலையில் எத்தனை வாட்? தானாகத் தூங்குமா? குறைவாக இழுக்கும் புதிய மாடல் இருக்கிறதா?" மூன்றே கேள்விகள்தான். பெட்டியைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் என்றால், கேள்வி கேட்பதாவது நாமாக இருக்கட்டும்.

6. பெரியவர்கள் வீட்டில் சற்று நேரம் ஒதுக்குங்கள். அடுத்த முறை பாட்டி வீட்டுக்குப் போகும்போது, பெட்டியின் அமைப்பைச் சரிசெய்து கொடுங்கள். சுவர்ச் சுவிட்ச்சை அணைத்தால் மறுபடி எப்படிப் போடுவது என்றும் சொல்லிவிட்டு வாருங்கள். மறுநாள் மாலை செய்தி நேரத்தில் "டிவி வரலையேப்பா" என்று தவிக்க வைத்துவிட்டு மிச்சம் பிடிக்கும் 10 காசு நமக்குத் தேவையில்லை.

சரி, இப்போது எழுந்துபோய் அந்தப் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். இன்னும் சூடாகத்தான் இருக்கிறதா?